சாட்சி சொல்லத் திருச்சிக்குப் போனேன்

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும், மெஸ் கதவில் "வெள்ளி வரை லீவு" என்று சாக்பீஸால் எழுதிவிட்டுக் கிளம்பினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை தனியாக மதுரையைத் தாண்டியதில்லை. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல, சாட்சி சொல்வதற்காகத் திருச்சிக்குப் போனேன்.

எங்கள் ஊர் ஆரல்வாய்மொழி. நாகர்கோவிலிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். மேற்கிலிருந்து வருகிற காற்று இரண்டு மலைகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிற கணவாய். காற்றாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை, காற்றாடிதான். என் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் காற்றாடி வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள். மாடியில் இரண்டு அறை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதில் ஒன்றில் தங்கியிருந்தவன் சரவணன். திருச்சி மாவட்டம், முசிறிப் பக்கத்துக்காரன். கல்யாணமானவன், ஒரு பெண் குழந்தை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போகிற பையன்.

பழைய சின்னக் காற்றாடிகளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியவற்றை நிறுத்தலாம் என்று அரசாங்கத்தில் கொள்கை வந்த பிறகு எங்கள் ஊரில் வேலை சூடுபிடித்தது. பழையவை பல சேர்ந்து கொடுக்கிற மின்சாரத்தைப் புதியது ஒன்றே கொடுத்துவிடுமாம். கழற்றுகிற வேலைக்குத்தான் சரவணன் வந்திருந்தான். போன வருடம் வைகாசியில், காற்றுக்காலம் தொடங்குவதற்குள் மிச்சம் இருப்பவற்றை இறக்கிவிட வேண்டும் என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை என் மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"என்ன, இன்னும் இங்கயே உக்காந்திருக்கீங்க?"

"சார், காத்து ஜாஸ்தியா இருக்கு. மேல பிளேடு நிக்காது" என்றான் சரவணன்.

"கிரேனுக்கு வாடகை உங்கப்பனா குடுப்பான்? ஏறுறதுன்னா ஏறு. இல்லன்னா பையைத் தூக்கிட்டு ஊருக்குப் போ."

நான் சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்றிருந்தேன். சரவணன் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். கை கழுவிவிட்டுப் போனான்.

பத்து மணி வாக்கில் மெஸ்ஸுக்குப் பின்னால் சத்தம் கேட்டு ஓடினேன். இறக்கிக்கொண்டிருந்த இறக்கை காற்றில் திரும்பி, மேலே நின்றவனை அடித்துவிட்டது. இடுப்பு பெல்ட் தாங்கியதால் கீழே விழவில்லை. பெல்ட்டிலேயே தொங்கினான். முதுகெலும்பு போய்விட்டது. உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் போனது.

இழப்பீடு கேட்டு அவன் வீட்டில் திருச்சியிலேயே வழக்குப் போட்டார்கள். அவனை வேலைக்கு எடுத்த காண்டிராக்டர் தரப்பில் கொடுத்த பதிலில், அன்று வேலையே கிடையாது, செம்புக் கம்பி திருடுவதற்காக அவனாக ஏறினான் என்று எழுதியிருந்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வடநாட்டுக்கும் குஜராத்துக்கும் போய்விட்டார்கள். ஏறச் சொன்னதைக் கேட்டவர்களில் கைக்கெட்டும் தூரத்தில் மிஞ்சியவள் நான் ஒருத்தி.

கிளம்புவதற்கு முதல் நாள் சூப்பர்வைசர் மெஸ்ஸுக்கு வந்தார். டீ குடித்தார். "அக்கா, திருச்சி போறீங்கன்னு கேள்விப்பட்டேன். போயிட்டு வந்து யாருக்குச் சோறு போடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். மிரட்டல் மாதிரியே இல்லை. நலம் விசாரிக்கிற குரல்தான்.

நாகர்கோவில் போய் மதிய ரயிலைப் பிடித்தேன். ரயில் திரும்பவும் எங்கள் ஊர் வழியாகவே வரும், நிற்காது. ஜன்னலில் என் மெஸ்ஸின் ஓடு ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அதற்குப் பின்னால், சரவணன் அடிபட்ட இடத்தில், புதிய காற்றாடி நின்றது. அதன் கழுத்தைப் பார்க்க ஜன்னலோடு குனிய வேண்டியிருந்தது.

எதிர் இருக்கையில் ஒரு இளைஞர், வள்ளியூரில் ஏறியவர். வீட்டு மாடிகளில் சோலார் தகடு வைத்துக்கொடுக்கிற கம்பெனியில் விற்பனை வேலை. திருநெல்வேலி வருவதற்குள் எனக்கு மானியக் கணக்கு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். கயத்தாறுப் பக்கம் இரண்டு பக்கமும் காற்றாடிகளும், தரையோடு தரையாகச் சோலார் தகடுகளும் வந்தபோது குழந்தை மாதிரி எழுந்து நின்று காட்டினார்.

"பாருங்கம்மா. பொகை இல்ல, சாம்பல் இல்ல. வெயில் சும்மாதானே விழுது, காத்து சும்மாதானே அடிக்குது."

எதற்காகத் திருச்சி போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். எழுந்து நின்றவர் உட்கார்ந்துகொண்டார்.

"எங்க பசங்களும் ஓட்டு மேலயும் தகரத்து மேலயும் ஏறுறாங்க. கயிறு குடுத்திருக்கு. கட்டினா வேலை ஆகாதுன்னு யாரும் கட்டுறதில்ல" என்றார். பிறகு கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கி எனக்கும் ஒரு பாக்கெட் கொடுத்தார். அதற்குப் பின் மானியம் பற்றிப் பேசவில்லை. மதுரையில் இறங்கும்போது, "நல்லபடியா சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருச்சி ஜங்ஷனில் இறங்கும்போது இருட்டிவிட்டது. வக்கீல் அம்மா ஸ்ரீரங்கத்தில் இருந்ததால் அங்கேயே லாட்ஜ் சொல்லியிருந்தார்கள். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். சத்தமே வராத பேட்டரி ஆட்டோ. ஓட்டுநருக்கு என் வயது இருக்கும், கையில் பொரிந்த தழும்புகள். நான் பார்ப்பதைக் கவனித்து அவரே சொன்னார்.

"வெல்டிங்குங்க. துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில இருந்தேன். பாய்லர் சாமான் செஞ்சோம். கரி கரண்டுக்கு இனிமே மவுசு இல்லன்னாங்க, ஆர்டர் கொறஞ்சுபோச்சு. அப்புறம் காத்தாடிக்கு டவர் செஞ்சோம். அதுவும் பெரிய எடத்துக்குப் போயிடுச்சு, எங்க பட்டறையில அவ்வளவு பெரிய உருளை நுழையாதுங்க. மூடிட்டாங்க."

"இப்ப இது பரவாயில்லையா?"

"பேட்டரி போகாம இருக்கற வரைக்கும் பரவாயில்லைங்க."

காவிரிப் பாலத்தில் ஏறும்போது, "தண்ணி இல்ல பாருங்க" என்றார். இருட்டில் எனக்கு மணல்தான் தெரிந்தது.

புதன்கிழமை காலை, கோயிலைச் சுற்றியிருக்கிற வீதி ஒன்றில் வக்கீல் வேதவல்லியின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். வாசலில் கோலம் ஈரமாக இருந்தது. அறுபது வயதுக்கு மேலிருக்கும், நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. காபியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"பெருமாளைச் சேவிச்சேளா?"

"இன்னும் இல்லம்மா."

"நாளைக்கு ஹியரிங் முடிஞ்சப்புறம் போலாம். சொல்றேன் கேளுங்கோ. காத்தாடி ஒருத்தருது. அதை மாத்தறதுக்கு அவா இன்னொரு கம்பெனிக்குக் குடுத்தா. அவா கிரேன்காராளுக்கு. அவா ஆள் பிடிக்கிறவனுக்கு. சரவணன் நாலு கை மாறி அந்த எடத்துக்கு வந்திருக்கார். மேல இருக்கற மூணு பேரும் எங்களுக்குச் சம்பந்தமில்லேன்னுட்டா. நாலாவது கையைத்தான் நம்மால பிடிக்க முடிஞ்சுது. அவனோ திருட ஏறினான்னு எழுதறான்."

"அவன் திருடன் இல்ல அம்மா. அவனை ஏறச் சொன்னாங்க. நான் கேட்டேன்."

"அதை நாளைக்கு இதே மாதிரி சொல்லணும். சேர்க்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்க மெஸ்ஸுக்கு அவாதான் வாடிக்கைன்னு சொல்லி மடக்கப் பார்ப்பா. ஆமாம்னு சொல்லிடுங்கோ. வாடிக்கையை விட்டுட்டு எதுக்கு வந்தேன்னு கேட்டா, அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

பெல்ட்டில் தொங்கியவனை இறக்கியபோது அவன் தலையை என் மடியில் வைத்திருந்தேன். "அக்கா, கால் எங்க இருக்கு?" என்று கேட்டான். அதைக் காரணம் என்று சொன்னால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். வக்கீல் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுத்துப்பா" என்றார்.

அன்றைக்கு வேறு வேலை இல்லாததால் சரவணனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்கு டவுன் பஸ். எங்கள் ஊர் போலவே இங்கும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சத்திரத்தில் பூ மூட்டைகளுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே முசிறி பஸ்ஸைத் தேடி ஏறினேன். பஸ் வந்த வழியே திரும்பவும் காவிரியைத் தாண்டி, பிறகு கொள்ளிடத்தைத் தாண்டி, டோல்கேட்டில் இடதுபக்கம் வளைந்தது. அங்கிருந்து ஒரு மணி நேரம் வாழைதான். குணசீலம் தாண்டியபின் தோட்டங்களுக்கு நடுவே அங்கங்கே சோலார் பம்புகள் கண்ணைக் கூசவைத்தன. மடியில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் வைத்திருந்தேன். சரவணனுக்குப் பிடிக்கும். பக்கத்தில் இருந்த அம்மா முதலில் மூக்கைச் சுளித்தார், பிறகு எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார்.

முசிறிக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால் ஒரு நிறுத்தத்தில் இறங்கச் சொல்லியிருந்தார்கள். சரவணனின் தம்பி சதீஷ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றான். இருபத்து மூன்று வயது. அண்ணனின் அதே சிரிப்பு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வாழைத்தார் லாரிகளில் சுமை ஏற்றிக்கொண்டிருக்கிறான் என்று சரவணன் முன்பே சொல்லியிருந்தான். வழியெல்லாம் அவன் என்னோடு எதுவும் பேசவில்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

வீடு இரண்டே அறை. முன்னறையில் கட்டில். சரவணனை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முகம் சுருங்கி, கழுத்து நீண்டிருந்தது. மேலே மின்விசிறி ஓடியும் அறையில் டெட்டால் வாசனையும் அதற்கு அடியில் புண்ணின் வாசனையும் இருந்தன.

"அக்கா! மெஸ்ஸை மூடிட்டா வந்தீங்க?"

"மூடிட்டுத்தான் வந்தேன் மக்கா. பயலுவ எல்லாம் பட்டினி கிடக்கட்டும்."

சிரித்தான். சிரித்ததும் அவன்தான் என்று தெரிந்தது.

"அந்த எடத்துல பெருசை ஏத்திட்டாங்களா அக்கா?"

"ஏத்தியாச்சு."

"சுத்துதா?"

"இப்ப காத்து இல்ல. ஆனி, ஆடியில பார்க்கணும்."

"பிளேடு ரொம்ப நீளமாமே. மேல போனா கடல் தெரியும்னு சொன்னாங்க. நான் ஏறினதெல்லாம் பழசுதான், அதுலயே பேச்சிப்பாறைப் பக்கம் வரைக்கும் தெரியும்." கூரையைப் பார்த்தபடி சொன்னான். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீங்க சொல்லிடுவீங்கல்ல அக்கா? நான் கம்பி எடுக்க ஏறலன்னு?" என்றான்.

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

கண்ணை மூடிக்கொண்டான். அவன் மனைவி கோமதி கதவருகில் நின்றிருந்தாள். நான் திரும்பியதும் உள்ளே போய்விட்டாள்.

சாப்பாடு போட்டார்கள். வாழைப்பூக் கூட்டு, ரசம், நான் கொண்டுபோன கருவாடு. சரவணனின் அம்மா பரிமாறினார், ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. சதீஷ் சாப்பிடவே உட்காரவில்லை. ஏதோ நடந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. கை கழுவப் பின்பக்கம் போனபோது கோமதி சரவணனின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அக்கா, நாளைக்கு நீங்க சாட்சி சொல்ல வேணாங்க."

"என்னம்மா சொல்ற?"

"நேத்து சாயங்காலம் காண்டிராக்டரும் இன்னொருத்தரும் கார்ல வந்தாங்க. பேசி முடிச்சுக்கலாம்னாங்க. இவருக்குத் திருச்சியில வைத்தியம் பாக்கற செலவு, கையில கொஞ்சம் பணம். அப்புறம்..." பிழிந்த துணியை மறுபடி பிழிந்தாள். "தம்பிக்கு வேலை."

"என்ன வேலை?"

"அதே வேலைதாங்க. உங்க ஊர்லதான்."

"திருடன்னு எழுதினவனுவ, அவன் தம்பியக் கூப்பிட்டு வேலை தாரானுவளா? அதுவும் அதே காத்தாடில? நீ சரின்னியா?"

அவள் விரிப்பைக் கல்லின் மேல் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அழவில்லை. அழுது முடித்துப் பல மாதம் ஆன முகம்.

"வக்கீலம்மா நல்லவங்க, தப்பு சொல்லல. ஜெயிப்போம்னுதான் சொல்றாங்க. ஜெயிச்சா அந்தப் பக்கத்துக்காரங்க மேல்கோர்ட்டுக்குப் போவாங்களாம். எத்தன வருஷம்னு கேட்டேன், சொல்ல முடியாதுன்னாங்க. இவருக்கு முதுகுப் புண்ணு எலும்பு வரைக்கும் போயிடுச்சுங்க. டாக்டர் இந்த மாசமே பாக்கணுங்கறார். நான் என்னக்கா பண்றது?"

"சரவணன் என்ன சொல்றான்?"

"கத்தினாரு. தம்பிய அனுப்பினா நான் மருந்தே சாப்பிட மாட்டேன்னாரு. அத்தை அழுதாங்க. அப்புறம் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க வர்றீங்கன்னதும் அவரு மூஞ்சி எப்படி ஆயிடுச்சு தெரியுமாக்கா? அதான் உங்ககிட்ட முன்னாடியே போன்ல சொல்ல முடியல."

வாளியில் மிச்சம் இருந்த விரிப்பை எடுத்து ஒரு முனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாகப் பிழிந்தோம்.

பஸ் நிறுத்தத்துக்கு சதீஷ்தான் கொண்டுவந்து விட்டான். இந்த முறை அவனே பேசினான்.

"என் மேல கோவமாக்கா?"

"உனக்குப் பயமா இல்லையா மக்கா?"

"இருக்கு. ஆனா ரெண்டு வருஷமா தார் தூக்கறேன். லாரி வந்தாத்தான் வேலை. அது மாசச் சம்பளம், பி.எஃப். உண்டுங்கறாங்க." பிறகு தாழ்ந்த குரலில், "அண்ணன் லீவுக்கு வந்தா மேல நின்னு எடுத்த போட்டோவெல்லாம் காட்டும். அப்பவே எனக்கு ஆசைதாங்க" என்றான்.

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி வக்கீல் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் ஒரு மணி நேரம் முன்னால்தான் தெரிந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எட்டு மாசமா தலைகாட்டாதவன் நேத்திக்கு ஏன் வந்தான் தெரியுமா?" என்றார். "நீங்க ரயில் ஏறிட்டேள்னு அவாளுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குப் பயந்துண்டுதான் வந்திருக்கா."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது அப்படி விழவில்லை. நான் மெஸ்ஸிலேயே இருந்திருந்தால் கார் முசிறிக்குப் போயிருக்காது, சதீஷுக்கு வேலையும் வந்திருக்காது. சாயங்காலம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். ஆற்றில் கணுக்கால் அளவுக்கு ஒரு ஓடை மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதில் இறங்கி மொட்டைத்தலையோடு ஒரு குடும்பம் காரியம் செய்துகொண்டிருந்தது. நான் இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். கோயிலுக்குள் போக மனம் வரவில்லை.

வியாழக்கிழமை. வழக்கை விசாரிக்கிற அலுவலகம் ஜங்ஷன் பக்கம், ஒரு மாடிக் கட்டடம். தனியாகப் பேசிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது செல்லாது, அதிகாரி முன்னால்தான் பதிவு செய்ய வேண்டும் என்று வக்கீல் அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டிருந்தார். அதனால் சரவணனை ஒரு வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். வேன் வேப்பமரத்தடியில் நின்றது. கோமதி உள்ளே அவன் தலைமாட்டில் இருந்தாள். சற்றுத் தள்ளி காண்டிராக்டரும் எங்கள் ஊர் சூப்பர்வைசரும் நின்றார்கள். சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் தலையசைத்தார். நானும் பழக்கத்தில் தலையசைத்துவிட்டேன். அதற்காக அன்று முழுவதும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி காகிதக் கட்டுகளோடு தானே கீழே இறங்கி வந்தார். வேனின் பின்கதவைத் திறக்கச் சொல்லி, குனிந்து பேசினார். மரியாதையான மனிதர்.

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

"உங்க சம்மதம்தானா? யாரும் கட்டாயப்படுத்தலையே? இல்லன்னு சொன்னீங்கன்னா நான் இப்பவே விசாரணையை நடத்தத் தயார். சாட்சி வந்திருக்காங்க."

சரவணன் வேனின் கூரையைப் பார்த்தான். கோமதி அவன் கழுத்தடியில் ஈக்களை விரட்டிக்கொண்டிருந்தாள். சதீஷ் வேனின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெருவில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அதிகாரி அவசரப்படுத்தாமல் குனிந்தபடியே நின்றார்.

"சம்மதம்" என்றான் சரவணன்.

பெருவிரல் ரேகை எடுக்கவில்லை. கை நன்றாகத்தானே இருந்தது, கையெழுத்துப் போட்டான். காண்டிராக்டர் தரப்பில் எழுதிக் கொண்டுவந்த அந்தத் தாளில், குற்றச்சாட்டுகளைப் பற்றி இரண்டு பக்கமும் இனி எதுவும் பேசுவதற்கில்லை என்று ஒரு வரி இருந்ததாம். வக்கீல் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அதை எனக்கு மெல்லச் சொன்னார். அதாவது, திருட ஏறினான் என்று எழுதியது பொய் என்று யாரும் எங்கேயும் சொல்லப்போவதில்லை.

அதிகாரி பேனாவை மூடிப் பையில் செருகினார். அப்போது நான் முன்னால் போனேன். போக வேண்டும் என்று யோசித்துப் போகவில்லை.

"ஐயா, நான் ஆரல்வாய்மொழியில இருந்து வந்திருக்கேன். ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுதேன்."

"இனிமே பதிவு பண்ண எடம் இல்லையேம்மா. முடிஞ்சுபோச்சு."

"எழுத வேண்டாம் ஐயா. கேட்டா போதும்."

அவர் வக்கீல் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். சேர்க்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது, காற்று ஜாஸ்தி என்று இவன் சொன்னது, ஏறு இல்லையென்றால் ஊருக்குப் போ என்று அவர் சொன்னது. "அவரு" என்று சொல்லும்போது கையை நீட்டிச் சூப்பர்வைசரைக் காட்டினேன். அவர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். "இந்தப் பையன் திருட ஏறல. ஏறச் சொன்னதால ஏறினான்" என்று முடித்தேன். என் குரல் மெஸ்ஸில் கூப்பிடுகிற குரல், அடக்கத் தெரியாது. மாடி ஜன்னல்களில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அதிகாரி தலையை ஒரு முறை அசைத்துவிட்டுப் படியேறினார். வேனுக்குள் சரவணன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. கோமதி என் கையை எட்டிப் பிடித்தாள், விடவே இல்லை. வேன் கிளம்புகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ஊருக்குத் திரும்பினேன். உடன் சதீஷும் வந்தான். ஒரு தோள்பை, ஒரு போர்வை. அவனை வழியனுப்ப வந்த அம்மா, "உங்கள நம்பித்தான் அனுப்பறேன்" என்று என்னிடம் சொன்னபோது நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? மணப்பாறை தாண்டும்போது முறுக்கு வாங்கித் தந்தேன். கயத்தாறுப் பக்கம் காற்றாடிகள் வந்ததும் எழுந்து கதவருகில் போய் நின்றான். ரயில் எங்கள் ஊரைத் தாண்டும்வரை அங்கேயே நின்றான்.

அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "காத்து ஜாஸ்தின்னு பட்டா ஏற மாட்டேன்னு சொல்லு. ஊருக்குப் போன்னு சொன்னா என் மெஸ்ஸுக்கு வா. மாவாட்ட ஆள் வேணும் எனக்கு."

"சரிக்கா" என்றான். அண்ணனின் அதே சிரிப்பு.

நான் பயந்தது போலவே நடந்தது. அந்தக் காண்டிராக்டரின் ஆட்கள் யாரும் இப்போது என் மெஸ்ஸில் சாப்பிடக்கூடாது என்று உத்தரவு. சதீஷை வேறு இடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பின்வாசல் வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். பெரிய காற்றாடியில் ஏறியாகிவிட்டது, கடல் தெரிகிறது என்கிறான். சரவணனுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது, புண் ஆறிவருகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் நான் தங்கிய லாட்ஜ் மொட்டைமாடியில், ஆற்றுப் பக்கமிருந்து காற்று வருகிறது என்று குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். காற்று வந்தால் சந்தோஷப்படுகிற ஊர். எனக்கு அது புதிதாக இருந்தது.

இதை எழுதும்போது எங்கள் ஊரில் வைகாசி. தினமும் காலை ஆறு மணிக்குச் சரவணன் போன் செய்கிறான். முதலில் சாதாரணமாகத்தான் பேசினான். இப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்கிறான்.

"அக்கா, வெளிய வந்து போனைத் தூக்கிப் பிடிங்க."

தெருவுக்கு வந்து கையை உயர்த்தி, கணவாய்ப் பக்கமாகப் பிடிக்கிறேன். என்னால் பொய் சொல்ல முடியாது, காற்று எப்படி என்று அவனுக்கே கேட்கிறது. சில நாள் "பரவால்லக்கா" என்று வைத்துவிடுவான். இன்று காலை வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். கை வலிக்க ஆரம்பித்ததும் போனைக் காதில் வைத்தேன்.

"தம்பி கிளம்பிட்டானாக்கா?" என்றான்.

தெரு முனையில் ஆட்களை ஏற்றிக்கொண்ட ஜீப் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.